பாதாளக் கரண்டியும் புது ஃபின்ஸும்

புதுச் செருப்பு வாங்கினால் வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்துவிடலாம். ஃபின்ஸ் வாங்கியவன் பாடுதான் திண்டாட்டம். ஃபின்ஸ் என்றால் ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும் நீண்ட ரப்பர் துடுப்பு. தண்ணீருக்குள் ஒரு உதை விட்டால் ஆளை அப்படியே முன்னால் கொண்டுபோகும். தரையில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பவனைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வராது. பெரம்பூரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில், படுக்கையறையிலிருந்து பால்கனி வரை நான் அப்படித்தான் நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்து, மாவு இடிக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஃபின்ஸோடு இரண்டு டைவ் லைட்டும் வாங்கியிருந்தேன். ஒன்று தடிமனானது. இன்னொன்று பேனா மாதிரி ஒல்லியானது, பெரியது அணைந்துவிட்டால் உயிரோடு வெளியே வருவதற்கு. அடுத்த மாதம் அந்தமானில் பொழுது சாய்ந்தபிறகு கடலுக்குள் இறங்குவதாக ஏற்பாடு. பாண்டிச்சேரியில் எனக்கு டைவிங் சொல்லிக்கொடுத்தவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். புதுச் சாமானை முதன்முதலாகக் கடலில் சோதித்துப் பார்க்கக் கூடாது, ஏதாவது அமைதியான தண்ணீரில் போட்டுப் பழகிவிட்டு வரவேண்டும். எங்கள் பேட்டை நீச்சல் குளத்துக்குப் போனேன். பையைத் திறந்து பார்த்த காவலாளி, சின்னப் பிள்ளைகள் பயந்துகொள்ளும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். என் மனைவி செல்விக்குத் தென்காசிதான் பிறந்த ஊர். அருவி கொட்டும் ஊரில் தண்ணீருக்கா பஞ்சம் என்று நானே முடிவு செய்து கிளம்பினேன். அருவியில் தண்ணீர் மேலேயிருந்து விழும், அதில் எங்கே முங்குவீர்கள் என்று செல்வி கேட்டாள். நல்ல கேள்வி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

செல்விக்கு அது சொந்த ஊர், எனக்கு வெளிநாடு. கல்யாணத்துக்கும், இரண்டு காதுகுத்துக்கும் போய் வந்ததோடு சரி. விடிந்து ரயில் நின்றதும் கதவைத் திறந்தால் முகத்தில் ஈரத் துணியால் ஒற்றுவது போலக் காற்று. சென்னையில் மழை என்றால் மழை, வெயில் என்றால் வெயில். இங்கே இரண்டுக்கும் நடுவில் சாரல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து விழாமல் பக்கவாட்டில் வருகிறது. குடையை எந்தப் பக்கம் பிடித்தாலும் அது வேறு பக்கமாக வந்தது. உள்ளூர்க்காரர் ஒருவரும் குடை பிடிக்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டு நானும் மடக்கினேன்.

ஸ்டேஷனுக்கு மச்சான் வந்திருந்தார். செல்வியின் அண்ணன் இசக்கிமுத்து. போலீஸில் ஏட்டு. ஆறடிக்கு மேல் உயரம், மீசை அதற்குத் தக்கபடி. அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஃபின்ஸ் பையைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டேன். முதல் திருப்பத்திலேயே ஒரு டீக்கடை வாசலில் கண்ணாடி டம்ளர் வரிசையைப் பை தடவிக்கொண்டு போனது. டம்ளர் எதுவும் உடையவில்லை. கடைக்காரர் திட்ட வாயைத் திறந்தவர், ஓட்டுகிறவர் யாரென்று பார்த்ததும் சிரித்து வணக்கம் வைத்தார்.

மாமியார் வீட்டில் மருமகனுக்குக் கொடுக்கும் தண்டனை சாப்பாடுதான். இட்லி, அது முடிந்ததும் தோசை, தோசை முடியுமுன் முந்திரிக்கொத்து. வேண்டாம் என்று கையால் மறைத்தால் விரல் இடுக்கு வழியாக வைத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை கேட்டாலே பெரிய உபசாரம். சாப்பிட்டு முடித்து ஃபின்ஸை எடுத்துக் காட்டினேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றைக் கையில் பிடித்து விசிறிக்கொண்டார். காற்று நன்றாக வருகிறது என்று பாராட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்கு நடுவே ஒரு பம்ப்செட் கிணறு. கருங்கல் கட்டு, உட்சுவரில் படிகள் துருத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போகும். சீசனில் தண்ணீர் மேலேறித் ததும்பிக்கொண்டிருந்தது. ஃபின்ஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஆசையோடு கேட்டேன். அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார். வந்த மருமகனைக் கிணற்றில் இறக்கிவிட்டேன் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம் என்றார். மச்சானும் அம்மா பக்கம். அன்று நான் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மட்டும் வந்தேன்.

மறுநாள் குற்றாலம் போவதற்கு டவுன் பஸ் ஏறினோம். பையின் நீளத்தைப் பார்த்த கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். இது லக்கேஜ் இல்லை, காலில் போடுவது என்று விளக்கினேன். அவர் நியாயமான மனிதர்.

"செருப்புன்னா கால்ல போடணும். பைக்குள்ள வந்தா லக்கேஜு."

எனக்கும் ரோஷம் வந்தது. பையைத் திறந்து ஃபின்ஸை எடுத்து, பஸ்ஸில் எல்லோரும் பார்க்கப் பார்க்க இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டேன். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோ தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகக் காட்டிக்கொண்டாள். கடையநல்லூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் மரியாதையோடு பார்த்தார். துபாயில் நெடுங்காலம் இருந்தவராம். கடலுக்குள் போகிறவர்கள் போடுவது இது, எங்கள் முதலாளி மகன் இதைப் போட்டுக்கொண்டு போய் ஆமை பார்ப்பான் என்று பஸ்ஸுக்கே எடுத்துச் சொன்னார். அதன்பிறகு கண்டக்டர் என் காலை மிதிக்காமல் சுற்றிப் போனார். இறங்கும்போதுதான் கஷ்டம். ஃபின்ஸ் போட்டவன் படியில் முன்னால் பார்த்து இறங்க முடியாது. பின்பக்கமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டிரைவர் விசிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

மெயின் அருவியில் செல்வி சொன்னதுதான் நடந்தது. தண்ணீர் மலையிலிருந்து பாறையில் விழுந்து, பாறையிலிருந்து தரையில் ஓடியது. முங்குவதற்குக் கணுக்காலுக்கு மேல் எங்கும் இல்லை. அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றவர் மச்சானேதான். வாயில் விசில், கையில் வாக்கி டாக்கி. அதைச் சாரல் படாமல் அடிக்கொரு தரம் துண்டில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டார். என் பையைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மாப்ள, இது குளிக்கித இடம். முங்குனா மண்டையில பாறைதான் இடிக்கும். அதை வெளிய எடுக்காதிய, எல்லாரும் நம்மளத்தான் பாக்குதாங்க."

சரி, லைட்டையாவது பார்ப்போம் என்று அருவிக்குள் நுழைந்து பெரிய லைட்டைப் போட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து வெளிச்சம் அழகாகத்தான் வந்தது. தலை நிறைய எண்ணெயோடு பக்கத்தில் நின்றவர், கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். பட்டப்பகல் என்பது இருவருக்குமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அருவி பிடரியிலும் தோளிலும் மொத்தியதில் நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்து போயிற்று. குளித்து முடித்து ரம்புட்டான் வாங்கித் தின்றோம், செங்கோட்டை ரோட்டில் ஒரு கடையில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டோம். சென்னையில் பரோட்டாவுக்குக் குருமாவைத் தொட்டுக்கொள்வோம். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்குகிற வரைக்கும் சால்னாவை ஊற்றுகிறார்கள். அன்றைக்கு ஊரில் ஒழுங்காக முங்கி எழுந்தது அந்தப் பரோட்டா ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மச்சான் கொல்லைப்புறமாக வந்தார். இடுப்பில் ஈரத் துண்டு, வேறொன்றும் இல்லை. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் வெளுத்திருந்தது. அத்தை உறங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் செல்வியையும் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

நடந்தது இதுதான். காலையிலிருந்து அருவியில் நின்றவர், மத்தியானம் கொஞ்ச நேரம் மாற்று ஆள் கிடைத்ததும் வீட்டுக் கிணற்றில் ஒரு குளியல் போடலாம் என்று வந்திருக்கிறார். அருவியில் டியூட்டி பார்க்கிற ஆட்கள் அருவியில் குளிப்பதில்லை போலிருக்கிறது. வாக்கி டாக்கியை வழக்கம்போலத் துண்டில் பத்திரமாகச் சுற்றிக் கிணற்றுச் சுவரில் வைத்திருக்கிறார். குளித்துவிட்டு ஏறியவர், தலை துவட்டத் துண்டை எடுத்து, எடுத்த கையோடு ஓர் உதறு உதறியிருக்கிறார். போலீஸ் கை. வாக்கி டாக்கி கிணற்றின் நடுவில் போய் விழுந்துவிட்டது.

"கெட்டுப் போச்சுன்னா ரிப்பேருக்கு அனுப்புவாங்க மாப்ள. தொலைஞ்சு போச்சுன்னா சஸ்பெண்டு. காலையில ரோல் காலுக்கு அதைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும். நிக்கலேன்னா எம் பொழப்பு போச்சு."

ஊரில் கிணற்றில் முங்குகிற பையன்களுக்கா குறைச்சல் என்று செல்வி கேட்டாள். கூப்பிடலாம், கூப்பிட்டால் அவர்கள் தலையைத் துவட்டி முடிக்கும் முன்னால் தென்காசி பூராவும் தெரிந்துவிடும் என்றார். அவரே முங்கிப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் கீழே போனதுமே இருட்டு. பிறகு பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளிடம் பாதாளக் கரண்டி வாங்கி வந்து துழாவியிருக்கிறார். அது ஒரு இரும்பு வளையம், சுற்றிலும் கொக்கிகள் தொங்கும். கயிறு கட்டி இறக்கினால் விழுந்த வாளி அதில் மாட்டிக்கொண்டு வரும். அந்தத் தெருவில் அது உள்ள வீடு பேச்சியம்மாள் வீடு மட்டும்தான். அந்த ஊரில் அதைச் சும்மா கொடுக்க மாட்டார்களாம். வாங்குகிறவர் ஒரு பாத்திரத்தை ஈடாக வைக்க வேண்டும், உள்ளே என்ன விழுந்தது என்றும் சொல்ல வேண்டும். மச்சான் தன் டிபன் பாக்ஸை ஈடு வைத்திருக்கிறார். என்ன விழுந்தது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல சித்தி, அதைக் கேக்காதிய, வீட்டுக்குள்ளயே இருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. பெரம்பூரில் ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லைதான்.

அண்ணனுக்காகச் செல்வி சம்மதித்தாள், ஆனால் தலைமைப் பொறுப்பு அவளுடையது. மோட்டார் சுவிட்சை அணைத்து, ஃப்யூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். என் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். டைவிங்கில் காற்று நிரப்பிய சிலிண்டர் முதுகில் இருக்கும், இடுப்பில் ஈய எடை இருக்கும். இங்கே இரண்டும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான். எடைக்கு அத்தையின் ஆட்டுக்கல் குழவியை எடுத்து வந்து அதற்கும் தனியாக ஒரு கயிறு கட்டினோம். அதையும் உள்ளே விட்டுவிட்டால் சஸ்பெண்டு தேவலை என்று மச்சான் சொன்னார்.

ஃபின்ஸை மாட்டி, டைவிங் கண்ணாடியை மாட்டி, குழவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதிச் சரிசெய்துகொண்டேன். தண்ணீர் முதலில் பச்சை, பிறகு கரும்பச்சை, பிறகு நிறமே இல்லை. லைட்டைப் போட்டதும் கீழே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வாளி, ஒரு லாரி டயர், முள்கட்டு ஒன்று. சந்தோஷம் தாங்காமல் அந்தப் பக்கம் போக ஓர் உதை உதைத்தேன். ஃபின்ஸ் நல்ல சாமான்தான், அதில் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு உதையில் கிணற்றின் அடியில் கிடந்த சேறு மொத்தமும் எழுந்து என்னைச் சுற்றிக்கொண்டது. பாலுக்குள் டார்ச் அடித்தது போல எல்லாப் பக்கமும் வெள்ளை. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. பயந்துவிட்டேன். அந்தச் சமயம் செல்வி கயிற்றை இழுத்தாள்.

மேலே வந்து, சரியான நேரத்தில் எப்படி இழுத்தாய் என்று கேட்டேன். நான் மூச்சைப் பிடித்த நேரம் அவளும் பிடித்தாளாம். தனக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது இழுத்துவிடுவதாம். அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவள்மேல் பெரிய அன்பு வந்தது. சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது.

சேறு அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தபோதுதான் வரப்பில் ஆட்கள் வருவதைப் பார்த்தோம். முதலில் நாலு பேர். பிறகு பத்து. நான் இரண்டாம் முறை இறங்கி, மறுபடியும் வெள்ளையை மட்டும் பார்த்துவிட்டு ஏறி வருவதற்குள் கிணற்றைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ஆலங்குளம் ரோட்டில் போய்க்கொண்டிருந்த சுக்குக் காபிக்காரர் சைக்கிளை வரப்பில் உருட்டி வந்து நிறுத்தியிருந்தார். கிணறு, பக்கத்தில் போலீஸ், உள்ளே லைட்டோடு ஒரு ஆள். இந்த ஊரில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் பேசியது காதில் விழுந்தது. உள்ளே கிடப்பது ஆண்பிள்ளை என்றார் ஒருவர். இரண்டு பேர் என்றார் இன்னொருவர். பொணம் எடுப்பதற்கென்றே மெட்ராஸிலிருந்து ஆள் வரவழைத்திருக்கிறார்கள் என்று மூன்றாமவர் என்னைக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை பேச்சியம்மாளைப் பார்க்கும் வரைதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். காலில் செருப்பில்லை. மச்சானின் டிபன் பாக்ஸ் இன்னும் கையில் இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டில் பெரிய சத்தம் கேட்டது. அவருடைய மகன் மாரியப்பன், லாரி ஓட்டக் கேரளாவுக்குப் போகிறேன் என்று சண்டை போட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனவன். அவன் ராத்திரி வீடு திரும்பவில்லை, போனும் அணைந்து கிடக்கிறது என்பதைக் கூட்டத்தில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒண்ணுமில்ல, கேக்காதிய, வீட்டுக்குள்ளயே இருங்க. ஒரு போலீஸ்காரர் ஒரு தாயிடம் இப்படிச் சொன்னால் அவர் வேறு என்ன நினைப்பார்?

"இசக்கி, எங்கிட்ட மறைக்காத" என்றார். "எம் பிள்ளையா உள்ள கெடக்கான்?"

அந்த நேரம் பார்த்து ரோட்டில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கிணற்றில் பொணம் என்ற சேதி ஸ்டேஷன் வரை போயிருக்கிறது. இன்ஸ்பெக்டர் இறங்கி, பேண்ட்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். மச்சான் ஈரத் துண்டோடு விறைப்பாக நின்றார். சிரிப்பு வரவேண்டிய காட்சி, யாரும் சிரிக்கவில்லை. மச்சான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும், எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். இன்ஸ்பெக்டரை ஒரு தரம் பார்த்தார், பேச்சியம்மாளை ஒரு தரம் பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சித்தி, உள்ள யாரும் இல்ல. எம் வாக்கி டாக்கிதான் விழுந்து கெடக்கு. துண்டை உதறையில நாந்தான் உள்ள போட்டுட்டேன். வேலை போயிருமேன்னு பயந்து ஒங்ககிட்ட சொல்லல."

கூட்டம் சலசலத்தது. பேச்சியம்மாள் அசையவில்லை. ஒரு முறை ஒண்ணுமில்லை என்று சொன்ன ஆளை இரண்டாம் முறை எப்படி நம்புவது? அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீங்கதான கீழ போயிட்டு வந்திய. நல்லாப் பாத்தியளா? யாரும் இல்லியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. நான் பார்த்தது சேற்றை. இரண்டு தடவை போயும் கிணற்றின் பாதி அடியைக்கூட நான் பார்க்கவில்லை. மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாளிடம் மகன் பேரையும் பைக் நம்பரையும் கேட்டு, டிரைவரை அனுப்பி ஜீப்பிலிருந்த வயர்லெஸ் மைக்கில் சொல்ல வைத்தார். மச்சானை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கச் சொன்னார்.

இந்த முறை இறங்கும்போது ஃபின்ஸ், லைட், அந்தமான், எல்லாம் மண்டையை விட்டுப் போய்விட்டன. உள்ளே யாராவது இருந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில். அடியைத் தொடும் முன்பே குழவிக் கயிற்றைப் பிடித்து அந்தரத்தில் நின்றுகொண்டேன். காலை அசைக்கவே இல்லை. சேறு படிந்திருந்தது. லைட்டைச் சுவரோரமாக மெல்லச் சுற்றினேன். வாளிகள். டயர். முள்கட்டு. முள்ளுக்குப் பின்னால் வெள்ளையாக, உப்பலாக ஒன்று.

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. மேலே போய் என்ன சொல்வது? ஃபின்ஸின் நுனியை மட்டும் அசைத்து, விரல் கடை தூரம் விரல் கடை தூரமாகப் பக்கத்தில் போனேன். கையை நீட்டித் தொட்டேன். உரச் சாக்கு. பாதி மண்ணும் பாதித் தண்ணீருமாக உப்பிக் கிடந்தது. அதைத் தூக்கி அடியிலும் பார்த்தேன், முள்கட்டை நகர்த்தியும் பார்த்தேன். அதற்குள் கயிறு இழுபட்டது. மேலே வரும் வழியில் லைட் சுவரில் விழுந்தது. தண்ணீருக்குள் இருந்த கடைசிப் படியில், கல் இடுக்கில் செருகினாற்போல, கறுப்பாக ஒரு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தது. நடுக்கிணற்றில் விழுந்தது எப்படி மிதந்து ஆடிப் படிக்கு வந்ததோ தெரியாது. எடுத்துக்கொண்டேன்.

தலையை வெளியே நீட்டியதும் பேச்சியம்மாளைத் தேடினேன். கீழே யாரும் இல்லம்மா, ஒரு மூலை விடாமல் பார்த்துவிட்டேன் என்றேன். அவர் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் வாக்கி டாக்கியைத் தூக்கிக் காட்டினேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். செல்வி என் முடியைப் பிடித்துத்தான் படியில் ஏற்றினாள், கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்ஸ்பெக்டர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் ஒழுகியது. பாசியைத் துடைத்து, பொத்தானை அமுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாளைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார்.

"ஏட்டையா, அருவிகிட்ட டூட்டி பாத்தா நனையத்தான் செய்யும். ரிப்பேருக்கு எழுதிக் குடுங்க. மொதல்ல போயி ஒரு வேட்டியக் கட்டுங்க."

மச்சான் அசையாமல் நின்றார். மீசை மட்டும் துடித்தது. அவ்வளவு பெரிய ஆள் அழுதுவிடக் கூடாதே என்று நான் ஃபின்ஸைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஜீப் டிரைவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். கேரள எல்லையிலுள்ள புளியறை செக்போஸ்டில் பைக் நம்பரை வைத்து ஆள் கிடைத்துவிட்டதாம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்ற ஒரு லாரியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள், இதோ பேசுகிறான் என்று போனைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார். அவர் வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏலே, லாரிதான ஓட்டணும், ஓட்டு" என்றார் கடைசியில். "இன்னைக்கி மட்டும் வீட்டுக்கு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ. எந்தக் கிணத்துப் பக்கமும் வராத, ரோட்டோடயே வா."

போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. கூட்டம் கலையாமல் அப்படியே நின்றது. சுக்குக் காபிக்காரர் ஒரு டம்ளரை நிறைத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்.